ஹைபிரிட் வாங்கலாமாண்ணே? மதுரையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிம்மக்கல்லில் எனக்கு ஒரு சின்ன அச்சகம். கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் பத்திரிகையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுவார்கள், காரைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள். தப்பு என்மேல்தான். சின்ன வயதிலிருந்தே கார்க் கிறுக்கு. யார் புதுக் கார் எடுத்தாலும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்காமல் விடமாட்டேன். மெக்கானிக் இல்லை, ஷோரூம் ஆளும் இல்லை, கமிஷன் கிமிஷன் எதுவும் கிடையாது. திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களைக் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைப் போட்டிருக்கிறேன். வரிக் கணக்கெல்லாம் 2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி. மாறிய பிறகு உள்ளது.

அண்ணே, மைல்ட் ஹைபிரிட், ஸ்ட்ராங் ஹைபிரிட், ப்ளக்-இன், எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. ஹைபிரிட் என்றால் பெட்ரோல் இன்ஜினோடு ஒரு கரண்ட் மோட்டாரும் சேர்ந்த கார், மோட்டார் எவ்வளவு வேலை செய்கிறது என்பதில்தான் வித்தியாசம். மாருதி 2015-லிருந்து சியாஸ், எர்டிகா கார்களில் போட்டது மைல்ட் ஹைபிரிட். டைனமோவைக் கொஞ்சம் பெரிதாக்கி, வண்டி கிளம்பும்போது இன்ஜினுக்குத் தோள் கொடுக்க வைத்திருப்பார்கள். அந்த மோட்டார் தனியாக வண்டியை ஓர் அடிகூட நகர்த்தாது. மைலேஜில் கொஞ்சம் லாபம் உண்டு, அவ்வளவுதான். பின்னால் ‘ஹைபிரிட்’ என்று ஒட்டியிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் மோட்டார் தனியாகவே காரை ஓட்டும், இன்ஜின் தனியாக ஓட்டும், இரண்டும் சேர்ந்தும் ஓட்டும். டொயோட்டா ஹைகிராஸ், ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா, ஹோண்டா சிட்டியின் ஹைபிரிட் எல்லாம் இந்த ரகம். உலகத்தில் இதைப் பெரிய அளவில் விற்க ஆரம்பித்தது டொயோட்டாவின் பிரியஸ், 1997-ல் ஜப்பானில். ப்ளக்-இன் என்பது இதே கார்தான், ஆனால் பெரிய பேட்டரியும் சுவரில் செருக ஒரு ப்ளக்கும் இருக்கும்.

ஹைபிரிட்டுக்கு ராத்திரி சார்ஜ் போடணுமாண்ணே?

ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்கு வேண்டாம். போடவும் முடியாது, அதற்கு ஓட்டையே கிடையாது. பங்க்கில் பெட்ரோல் போட்டால் போதும். வண்டி டெலிவரி எடுத்து, பாண்டி கோவிலில் எலுமிச்சம்பழம் நசுக்கிக் கொண்டுவந்து நிறுத்தியதும், ‘சார்ஜர் எங்க, கொடுக்காம விட்டுட்டானா?’ என்று காரைச் சுற்றிச் சுற்றித் தேடிய பெரியப்பா எங்கள் வீட்டிலேயே ஒருவர் உண்டு.

அப்ப கரண்ட் எங்க இருந்துதான் வருது? சும்மாவா?

சும்மா எதுவும் வராது. எல்லாமே நீங்கள் போட்ட பெட்ரோல்தான். வீணாகப் போவதில் கொஞ்சத்தைத் திருப்பிப் பிடிக்கிறது, அதுதான் சூட்சுமம்.

கோரிப்பாளையம் சிக்னலை வைத்துச் சொல்கிறேன். சிவப்பு விழுகிறது, பிரேக்கில் காலை வைக்கிறீர்கள். சாதாரணக் காரில் அந்த வேகமெல்லாம் பிரேக் பேடில் சூடாகிக் காற்றோடு போய்விடும். ஹைபிரிட்டில் அதே மோட்டார் தலைகீழாக வேலை செய்து டைனமோ ஆகிவிடும். திரையில் சக்கரத்திலிருந்து பேட்டரிக்கு ஒரு அம்புக்குறி ஓடும். வண்டி நிற்பதற்குள் இன்ஜினும் அடங்கிவிடும், ஆனால் ஏ.சி. ஓடிக்கொண்டே இருக்கும். அதன் கம்ப்ரஸரும் கரண்டில்தான் சுற்றுகிறது. மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு அந்த நிசப்தத்தில் உட்கார்ந்திருப்பது தனிச் சுகம். பச்சை விழுந்ததும் சத்தமே இல்லாமல் நகரும். ஏ.வி. பாலத்தில் பாதி தாண்டும்போது எங்கேயோ தூரத்தில் யாரோ மிக்சி போட்டமாதிரி இன்ஜின் எழும்.

பேட்டரி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஹைரைடர், கிராண்ட் விட்டாராவில் இருப்பது முக்கால் யூனிட் கரண்ட் பிடிக்கும் அளவுதான். நிரம்புவதும் காலியாவதும் நிமிடக் கணக்கில் நடந்துகொண்டே இருக்கும். தண்ணீர்த் தொட்டி இல்லை அது, சொம்பு.

சரி, ப்ளக்-இன் ஹைபிரிட்ல அப்படி என்ன விசேஷம்?

சொம்புக்குப் பதில் குடம். 15, 20 யூனிட் பிடிக்கும் பேட்டரி. ராத்திரி வீட்டில் செருகினால் காலையில் 60 கிலோமீட்டராவது, புது மாடல்களில் 100 வரைக்கும்கூட, பெட்ரோல் இல்லாமல் ஓடும். திருநகரிலிருந்து மாட்டுத்தாவணிக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறவர் வாரம் முழுக்கப் பங்க் பக்கம் போக வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை சென்னை போக வேண்டுமா, பேட்டரி தீர்ந்ததும் சாதாரண ஹைபிரிட்டாக ஓடிக்கொண்டே இருக்கும். சீனாவின் பி.ஒய்.டி. 2008 கடைசியில் எஃப்3டி.எம். என்று ஒன்றை விட்டது, அமெரிக்காவில் செவர்லே வோல்ட் 2010-ல் வந்தது. அதாவது இது இன்று நேற்றுக் கண்டுபிடித்ததல்ல.

இரண்டு எரிபொருள் சங்கதி மதுரைக்கும் புதிதில்லை. 1911-ல் இங்கே பஸ் தொழில் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்கார், இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் பஞ்சம் வந்தபோது கரி வாயுவில் வண்டி ஓட்ட டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்று ஒரு கருவி செய்து விற்றார். பெட்ரோல் கிடைக்காதபோது மாற்று தேடும் புத்தி இந்த ஊர் மண்ணில் உண்டு. சரி, விஷயத்துக்கு வருவோம்.

இவ்வளவு நல்லதுன்னா நம்ம ஊர் ஷோரூம்ல ஏன் இல்ல?

வரி. இதை எழுதும்வரை நடுத்தரக் குடும்பம் வாங்கும் விலையில் ஒரு ப்ளக்-இன் நம் ஷோரூம்களில் இல்லை. வால்வோவின் எக்ஸ்.சி.90 டி8, போர்ஷே கயென் ஹைபிரிட், பி.எம்.டபிள்யூ. எக்ஸ்.எம். என்று வந்ததெல்லாம் கோடிக் கணக்கு. எக்ஸ்.எம். வந்தபோதே இரண்டரைக் கோடிக்கு மேல். முழுதாக இறக்குமதி செய்தால் காரின் விலைக்கு ஏறக்குறைய இன்னொரு பங்கு சுங்கமாகவே போய்விடும் என்ற நிலைமைதான் பல வருடமாக இருந்தது.

இங்கேயே செய்தாலும் சிக்கல் தீரவில்லை. மின்காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். ப்ளக் இருந்தாலும், வாரத்தில் ஆறு நாள் கரண்டிலேயே ஓடினாலும், கூடவே ஒரு பெட்ரோல் இன்ஜின் இருந்தால் அது மின்கார் கணக்கில் வராது. நான்கு மீட்டருக்கு மேல் நீளம் என்றால் 40 சதவீதம். ஃபேக்டரியில் 10 லட்சத்துக்கு வெளியே வரும் இரண்டு கார்களை எடுத்துக்கொள்ளுங்கள். மின்கார் 10.50 லட்சம் ஆகும். ப்ளக்-இன் 14 லட்சம் ஆகும், அதன் தலையில் தமிழ்நாட்டு சாலை வரி 18 சதவீதம், இன்னொரு 2.52 லட்சம். பதிவு செய்யும் நாளில் மின்காருக்கு சாலை வரி விலக்கு இருந்தால் வித்தியாசம் ஆறு லட்சம். இந்த ஆறு லட்சத்தைப் பெட்ரோலில் மிச்சம்பிடிக்க எத்தனை வருடம் ஓட்டுவது?

இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய வரியில் பெரிய ஹைபிரிட்டுக்கு 43 சதவீதம், அதே அளவு பெட்ரோல் எஸ்.யு.வி.க்கு 50. ஏழு சதவீதமாவது சலுகை இருந்தது. இப்போது இரண்டுக்கும் 40. எல்லாருக்கும் விலை குறைந்தது என்று கொண்டாடினார்கள், ஹைபிரிட்டுக்கு இருந்த அந்தச் சின்ன முன்னுரிமை காணாமல் போனதைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. உத்தரப் பிரதேசம் 2024 ஜூலையில் ஹைபிரிட்டுக்குப் பதிவு வரியை எடுத்துவிட்டது. நம் பக்கம் அப்படி எதுவும் இல்லை.

எக்ஸ்-ஷோரூம் 12 லட்சம்னாங்க. பில்லு 15 கிட்ட வருது. மூணு லட்சம் எங்க போச்சு?

பெரும்பகுதி சாலை வரி. 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. உங்கள் 12 லட்சத்துக்கு 2.16 லட்சம். 10 லட்சத்தைத் தாண்டினால் டி.சி.எஸ். என்று, விற்பவரே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி 1 சதவீதம், 12,000. இது போன காசு இல்லை, வருமான வரி தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். அப்புறம் இன்சூரன்ஸ். மூன்றாம் நபர் காப்பீடு மூன்று வருடத்துக்குச் சேர்த்தே கட்டியாக வேண்டும். ஆனால் ஷோரூம் சொல்லும் கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. வெளியே ஒரு விலை கேட்டு அதைக் காட்டினாலே அங்கேயும் இறங்கும்.

மிச்சம் இருப்பதில்தான் விளையாட்டு. என் மைத்துனர் கார் எடுத்த இடத்தில் ‘ஆக்சசரி பேக்’ என்று 38,000 போட்டிருந்தார்கள். பிரித்துக் கேட்டோம். கால் மிதி, மட் ஃபிளாப், கதவு ஓரத்துக்கு ரப்பர், சாவிக்கு ஓர் உறை, பின்னால் ஒட்ட ஒரு குரோம் பட்டை. தெற்குவாசல் பக்கம் போனால் மூன்றில் ஒரு பங்குக்கு முடிந்துவிடும். ‘இது இல்லாம டெலிவரி தள்ளிப்போகும் சார்’ என்றான் அந்தப் பையன். ‘தள்ளிப்போகட்டும் தம்பி, நல்ல நாள் அடுத்த மாசமும் இருக்கு’ என்றார் மைத்துனர். பேக் மறைந்துவிட்டது, டெலிவரி சொன்ன தேதிக்கே வந்தது. ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஒரு வரி இருந்தால் அதையும் அடிக்கச் சொல்லுங்கள்.

9.95 லட்சமும் 10.05 லட்சமும் ஒண்ணுதானே, பத்தாயிரம் பாத்தா மேல் மாடல் கிடைக்குதே?

இங்கேதான் நிறையப் பேர் குழியில் விழுகிறார்கள். மேலே சொன்ன சாலை வரி தாண்டிய தொகைக்கு மட்டும் இல்லை, மொத்த விலைக்கும். 9.95 லட்சத்துக்கு 13 சதவீதம், 1,29,350 ரூபாய். 10.05 லட்சத்துக்கு 18 சதவீதம், 1,80,900 ரூபாய். டி.சி.எஸ். 10,050 தனி. பத்தாயிரம் என்று நினைத்தது எழுபதாயிரத்தைத் தாண்டுகிறது. அந்த மேல் மாடலில் கூடுதலாக வருவது ஒரு சன்ரூஃப் என்றால் நம் ஊர் வெயிலில் அதை எப்போது திறக்கப் போகிறீர்கள்?

எந்த பிராண்ட்ணே நல்ல பிராண்ட்? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

ஒரே வார்த்தையில் சொன்னால், பக்கத்துப் பட்டறை. உங்கள் வீட்டிலிருந்து நாற்பது நிமிடத்துக்குள் சர்வீஸ் சென்டர் உள்ள பிராண்ட்தான் நல்ல பிராண்ட். ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் ஒவ்வொரு சர்வீசுக்கும் மதுரைக்கு வந்து, சாயங்காலம்வரை ஜிகர்தண்டா கடையில் உட்கார்ந்திருந்து திரும்பிப் போகிறார். கார் அருமையான கார். அவருக்குத்தான் வருடத்துக்கு இரண்டு நாள் வீண்.

பெரிய பெயர் என்பதும் காப்பு இல்லை. செவர்லே 2017 கடைசியோடு இந்தியாவில் விற்பதை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இங்கே கார் தயாரிப்பை விடுவதாக அறிவித்தது, மறைமலைநகர் ஆலையில் அடுத்த வருடம் உற்பத்தி நின்றது. மதுரையில் இன்றும் எக்கோஸ்போர்ட், ஃபிகோ வைத்திருப்பவர்கள் வண்டியை விட்டுக்கொடுத்துப் பேசமாட்டார்கள், நானும் அவர்கள் கட்சிதான். ஆனால் விற்கப் போகும்போது தரகர் உதட்டைப் பிதுக்குவார்.

என் சொந்த அபிப்பிராயம், சண்டைக்கு வராதீர்கள். ஹைபிரிட் என்றால் டொயோட்டா அனுபவம் கூடியது. ஓட்டும் சுகத்துக்கு ஸ்கோடா, வோக்ஸ்வேகன். குண்டு குழிக்கும் டீசல் இழுவைக்கும் மகிந்திரா. 2018-ல் மோதல் சோதனையில் நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் வாங்கிய பிறகுதான் நம் ஆட்கள் பாதுகாப்பைப் பற்றியே கேட்க ஆரம்பித்தார்கள், அந்தப் புண்ணியம் டாடாவுக்கு. ஹூண்டாய், கியா உள்ளே உட்கார்ந்தால் எழுந்துவர மனம் வராது, ஆனால் இதை எழுதும்வரை இங்கே அவர்களிடம் ஸ்ட்ராங் ஹைபிரிட் இல்லை. மாருதிக்கு உசிலம்பட்டியில்கூட பார்ட்ஸ் கிடைக்கும், அதற்கு மேல் என்ன சொல்ல?

டொயோட்டா பேட்ஜ் போட்ட மாருதியை டொயோட்டா விலைக்கு வாங்கலாமா?

ஹைரைடரும் கிராண்ட் விட்டாராவும் அண்ணன் தம்பி. இரண்டுமே பெங்களூரு பக்கம் பிடதியில் உள்ள டொயோட்டா ஆலையில் உருவானவை. இன்விக்டோ என்பது மாருதி சட்டை போட்ட ஹைகிராஸ். இதில் ஒசத்தி தாழ்த்தி பார்க்க ஒன்றுமில்லை. எது சீக்கிரம் கிடைக்கிறது, எதில் வாரண்டி நீளம், எந்த சர்வீஸ் சென்டரில் உங்களை மதித்துப் பேசுகிறார்கள், இவ்வளவுதான் பார்க்க வேண்டியது.

டீசல் வாங்கினா பத்து வருஷத்துல தூக்கிப் போடணுமாமே?

அது டெல்லி வட்டாரத்துக்கு மட்டும் போட்ட உத்தரவு. நம் பக்கம் பதிவு 15 வருடம், அப்புறம் எஃப்.சி. எடுத்துப் பசுமை வரி கட்டிப் புதுப்பித்துக்கொள்ளலாம். டீசலில் பயப்பட வேண்டியது வேறு. 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பி.எஸ்.6 டீசலில் கரி பிடிக்கும் ஃபில்டர் ஒன்று இருக்கிறது. தினமும் கீழமாசி வீதிக்கும் யானைக்கல்லுக்கும் நடுவில் ஊர்ந்துகொண்டிருந்தால் அது அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை நாலுவழிச் சாலையில் அரை மணி நேரம் விரட்டுகிறவருக்கு மட்டும் டீசல்.

எனக்கு ஹைபிரிட் கட்டுப்படியாகுமா? கணக்கை மட்டும் சொல்லுங்க.

லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மதுரைக்குள் ஆட்டோமேட்டிக் பெட்ரோல் எஸ்.யு.வி. 12 கொடுத்தால் அதிகம், கிலோமீட்டருக்கு எட்டு ரூபாய் முப்பது காசு. அதே அளவு ஹைபிரிட் 22 கொடுக்கிறது, நாலரை ரூபாய். கம்பெனி சொல்லும் 27.97 எல்லாம் ஆய்வகத்தில், நான் ஓட்டிப் பார்த்ததில் ஊருக்குள் 22, 23தான். ஆக கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 3.80 லாபம். ஹைபிரிட்டுக்குக் கூடுதலாக 3 லட்சம் கொடுத்திருந்தால், மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அந்தக் காசு திரும்ப ஆறரை வருடம். மாதம் 2,000 ஓட்டினால் மூன்று வருடம் கொஞ்சம்.

நெடுஞ்சாலையில் இந்தக் கணக்கு சுருங்கிவிடும். திருச்சி ரோட்டில் நூறில் போகும்போது பிரேக்கே போடுவதில்லை, பிடிக்க என்ன இருக்கிறது? பெட்ரோல் 16 கொடுத்தால் ஹைபிரிட் 20. லாபம் ஒன்றேகால் ரூபாய்தான். மற்ற கார்களெல்லாம் ஊருக்குள் குடிக்கும், வெளியே மிச்சம் பிடிக்கும். ஹைபிரிட் தலைகீழ். வாரம் மூன்று முறை கோயம்புத்தூர் போகும் வியாபாரி ஒருவர் ஹைபிரிட் எடுத்துவிட்டு என்னிடம் வந்து குறைப்பட்டார். வாங்கும் முன்னால் கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

பேட்டரி போச்சுன்னா லட்சக்கணக்குல ஆகும்ல?

ஆகும், ஆனால் நினைக்கிற வேகத்தில் போகாது. டொயோட்டா, மாருதி, ஹோண்டா மூன்றுமே ஹைபிரிட் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் வாரண்டி கொடுக்கின்றன. அந்தச் சொம்பை முழுதாக நிரப்பவும் விடாமல், அடி தெரிய வற்றவும் விடாமல் கம்ப்யூட்டர் நடுவிலேயே வைத்து ஓட்டுவதால்தான் இத்தனை நாள் தாங்குகிறது.

நம் ஊரில் எதிரி வெயிலும் தூசியும். பல ஹைபிரிட்களில் பேட்டரியைக் குளிர்விக்கக் காருக்குள் இருக்கும் காற்றைத்தான் இழுக்கும், பின் சீட்டு ஓரத்தில் அதற்கு ஒரு சல்லடை இருக்கும். ஒரு நண்பரின் காரில் அதைக் கழற்றிப் பார்த்தோம். முறுக்குத் தூள், நாய் முடி, பிள்ளையின் ஸ்கெட்ச் பேனா மூடி ஒன்று. சல்லடையில் பாதி அடைப்பு. பழனிக்குப் போகும்போது பை, தலையணை எதையும் அதன்மேல் வைக்காதீர்கள், சர்வீசில் சுத்தம் செய்தார்களா என்று கேளுங்கள். இன்னொன்று, இந்தக் கார்களில் சாதாரண 12 வோல்ட் பேட்டரியும் தனியாக உண்டு. ஊருக்குப் போய்விட்டு வந்து வண்டி உயிர் பெறவில்லை என்றால் பெரும்பாலும் இந்தச் சின்னதுதான் காரணம், பதற வேண்டாம்.

மழைத்தண்ணிக்குள்ள போனா ஷாக் அடிக்குமா?

அடிக்காது. பெரிய வோல்டேஜ் ஓடும் ஆரஞ்சு நிற ஒயர்கள் நன்றாக மூடப்பட்டவை, கோளாறு தெரிந்தால் தானே துண்டித்துக்கொள்ளும். ஆபத்து எல்லாக் காருக்கும் உள்ளதுதான், இன்ஜின் காற்றுக்குப் பதில் தண்ணீரைக் குடிப்பது. ஹைபிரிட்டில் ஒரு கண்ணி கூடுதலாக உண்டு. தண்ணீரில் நின்றுபோய் இன்ஜின் சத்தம் இல்லை என்று நீங்கள் சும்மா உட்கார்ந்திருப்பீர்கள், பேட்டரி குறைந்ததும் அது தானாகவே இன்ஜினை எழுப்பும். அதனால் தண்ணீருக்குள் மாட்டினால் முதலில் பவர் பட்டனை அணைத்துவிட்டு இறங்குங்கள். 2024 அக்டோபரில் செல்லூர்ப் பக்கம் தெருவெல்லாம் வெள்ளம் நின்றபோது, இன்சூரன்சில் இன்ஜின் பாதுகாப்பு சேர்த்திருந்தவர்கள்தான் தப்பித்தார்கள். சில ஆயிரம்தான், சேர்த்துவிடுங்கள்.

கொடைக்கானல் ஏறுமா? இறங்கும்போது பேட்டரி ஃபுல்லாயிடும்னு சொல்றாங்களே, உண்மையா?

ஏறும். ஆனால் வத்தலக்குண்டு தாண்டிக் காட் ரோட்டில் நாலைந்து கொண்டை ஊசி வளைவுகளுக்குள் ஸ்ட்ராங் ஹைபிரிட்டின் சொம்பு காலி. அப்புறம் சின்ன இன்ஜின் தனியாகக் கத்திக்கொண்டு ஏறும். ஏழு பேர் உட்கார்ந்தால் சத்தம் இன்னும் கூடும். பயப்படும்படி ஒன்றுமில்லை, கொஞ்சம் எரிச்சலாக இருக்கும்.

இறக்கம்தான் வேடிக்கை. கிளம்பிச் சில கிலோமீட்டரிலேயே பேட்டரி நிரம்பிவிடும். அதற்கு மேல் வரும் சக்தியை வைக்க இடமில்லை. ‘பி’ (B, பார்க்கிங்குக்கான P இல்லை) கியரில் போட்டால் இன்ஜினைச் சும்மா சுற்றவைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தும், அது கத்துவதைக் கேட்டுக் கோளாறு என்று நினைத்து நிறுத்துகிறவர்கள் உண்டு. இங்கேதான் ப்ளக்-இன் ஜெயிக்கிறது. கொடைக்கானல் உயரத்திலிருந்து அடிவாரத்துக்கு ஏறக்குறைய 1,700 மீட்டர் இறக்கம். இரண்டு டன் எடையுள்ள கார் இறங்கினால் கணக்குப்படி ஒன்பது யூனிட் சக்தி, உராய்வு காற்று எல்லாம் போக நாலைந்து யூனிட் பேட்டரியில் சேரும். அதில் 25 கிலோமீட்டர் ஓட்டலாம். ஒரே நிபந்தனை, மேலே ஹோட்டலில் முழுதாக சார்ஜ் போட்டுவிட்டு இறங்கக் கூடாது. நிரம்பிய குடத்துக்கும் நிரம்பிய சொம்புக்கும் கதி ஒன்றுதான்.

ப்ளக்-இன்ல பெட்ரோல் போடாமலே காலத்தை ஓட்டிரலாம்ல?

முடியும் என்றாலும் நல்லதில்லை. இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். டேங்கில் மாதக் கணக்கில் கிடந்தால் கெடும். அதனால்தான் பல ப்ளக்-இன்கள் கொஞ்ச நாளுக்கு ஒருமுறை நீங்கள் கேட்காமலே இன்ஜினை ஓட்டிவிடும். எத்தனாலில் சக்தியும் குறைவு, மைலேஜ் கொஞ்சம் அடிபடும். டேங்கை நிரப்பி வைக்காமல் பாதிக்குக் கீழே வைத்துச் சுழற்றுவது புத்திசாலித்தனம்.

நமக்கு மாசி வீதியில வீடு. ப்ளக்-இன் வந்தா வாங்கலாமா?

நான் திருப்பிக் கேட்கும் கேள்வி இதுதான்: கார் ராத்திரி எங்கே தூங்குகிறது? உங்கள் வீட்டு மீட்டரிலிருந்து ஒயர் எட்டும் இடத்திலா? ஆம் என்றால் மேலே பேசலாம். தெருவிலோ, வாடகை ஷெட்டிலோ என்றால் ப்ளக்-இன் உங்களுக்கு எடை கூடிய பெட்ரோல் கார், அவ்வளவுதான். சார்ஜ் போடாமல் 200 கிலோ பேட்டரியைச் சுமந்து திரிவீர்கள்.

இது என் குதர்க்கம் இல்லை. ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் ஒரு கணக்கு வெளியிட்டது. 2021-ல் பதிவான கார்களுக்குள்ளேயே இருக்கும் எரிபொருள் மீட்டரைப் படித்துப் பார்த்ததில், ப்ளக்-இன்கள் சாலையில் விடும் கரியமில வாயு ஆய்வகக் கணக்கைவிட மூன்றரை மடங்கு. காரணம், வாங்கியவர்கள் எதிர்பார்த்த அளவுக்குச் செருகவே இல்லை.

கரண்ட் பில்லையும் பாருங்கள். தினம் 30 கிலோமீட்டருக்கு ஐந்து யூனிட் என்றால் இரண்டு மாத பில்லில் 300 யூனிட் கூடும். ஏற்கெனவே 350 ஓடும் வீடு 500-ஐத் தாண்டிவிடும். தாண்டினால் கீழ் அடுக்கில் கிடைத்த மலிவு விலையும் போகும், மேல் அடுக்கு யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல். அப்படியும் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்தான், பெட்ரோலோடு ஒப்பிட்டால் எங்கேயோ. மொட்டை மாடியில் சோலார் போட்டவர்களுக்கு இன்னும் இறங்கும்.

வீட்டுல ப்ளக் இருக்குன்னா நேரா மின்காரே எடுத்துரலாமே, எதுக்கு ரெண்டுங்கெட்டான்?

நியாயமான கேள்வி. வரி இப்படியே இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன். ஐந்தாவது கேள்வியில் போட்ட கணக்கைப் பாருங்கள், ப்ளக்-இன் விலைக்கு நல்ல மின்கார் வந்துவிடும். இப்போது பக்கத்திலேயே தூத்துக்குடியில் வியட்நாமின் மின்கார் கம்பெனி வின்ஃபாஸ்ட் 2025 ஆகஸ்டில் ஆலை திறந்திருக்கிறது, டாடா, மகிந்திரா மாடல்களும் நிறைய. வீட்டில் இரண்டு கார் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஒன்று மின்கார்.

ஒரே கார் வீட்டில்தான் ப்ளக்-இன்னுக்கு வழக்காட இடம் இருக்கிறது. சென்னை இங்கிருந்து 460 கிலோமீட்டர். அப்பாவுக்கு ஆஸ்பத்திரி அவசரம் என்றால் நடுவழியில் சார்ஜருக்கு வரிசையில் நிற்கும் பொறுமை எல்லோருக்கும் வராது. தீபாவளிக்கு முந்தின நாள் அந்தச் சாலையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

அப்ப ப்ளக்-இன் வர்ற வரைக்கும் காத்திருக்கவா?

இப்போது உள்ள கார் ஓடுகிறதென்றால் இருங்கள், ஓடவில்லை என்றால் வாங்கிவிடுங்கள். ‘அடுத்த வருஷம் வருது’ என்ற செய்தியைப் பல வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த 40 சதவீத வரி மாறும் அன்றைக்குத்தான் வரும் கார் நமக்கான விலையில் வரும்.

இவ்வளவு பேசுறீங்களே, நீங்க என்னண்ணே ஓட்டுறீங்க?

டி.என். 58 போட்ட 2013 டீசல் ஹேட்ச்பேக். ஒன்றே முக்கால் லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஹைபிரிட் எடுக்க ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் நான் காத்திருப்பது ப்ளக்-இன்னுக்கு, என் ஓட்டம் அதற்கென்றே அளந்துவைத்த மாதிரி, தினம் 25 கிலோமீட்டர்.

என் வீடு ஆட்டோகூடத் திரும்ப முடியாத சந்தில். கார் தூங்குவது நாலு தெரு தள்ளி ஒரு வாடகை ஷெட்டில், மாதம் 1,500 ரூபாய். போன மாதம் ஷெட்டுக்கார அம்மாவிடம் ஒரு ப்ளக் பாயிண்ட் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். ‘எதுக்குப்பா?’ என்றார். வருங்காலத்தில் காருக்கு சார்ஜ் போட என்றேன். காரை ஒரு முறை, என்னை ஒரு முறை பார்த்தார். ‘மீட்டரு யாரு பேர்ல?’ என்றார். தனி மீட்டர் வாங்க மனு கொடுத்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். அவர் மகனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.